ஏழாம் மாதம் நீ இங்கே வர வேண்டாம்

தேனு,

நீ என் போனை எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால் எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நான் சொன்னதை முழுசாகக் கேட்டிருந்தால் இத்தனை வயசுக்கு மேல் பேனாவைத் தேடி எடுக்கிற வேலை எனக்கு வந்திருக்காது. "வளைகாப்பு முடிஞ்சதும் நீ இங்க வர வேணாம்டி" என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச விட்டாயா? "தலைப்பிரசவத்துக்கு வர்றேன்னு சொல்ற பொண்ண வேணாங்கிற மொத அம்மா நீதான்" என்று கத்திவிட்டுக் கட் பண்ணிவிட்டாய். அப்புறம் மாப்பிள்ளை பேசினார். "அவ அழுதுக்கிட்டே இருக்கா அத்தை" என்றார், பாவம், அவருக்கு யார் பக்கம் பேசுவதென்று தெரியவில்லை. மறுநாள் சம்பந்தி அம்மா பேசினார். "ஒங்களுக்கு ஒடம்புக்கு முடியலன்னா நாங்களே பாத்துக்குறோம் சம்பந்தி, அதுக்கென்ன" என்றார். மரியாதைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. ஆனால் அந்த 'அதுக்கென்ன' எனக்கு இன்னும் காதில் குத்துகிறது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. கல்லைத் தின்றாலும் செரிக்கிற உடம்பு இது.

இந்தக் கடிதத்தை ஒளித்து வைத்துப் படிக்காதே. மாப்பிள்ளைக்கும் சம்பந்தி அம்மாவுக்கும் சத்தமாகவே படித்துக் காட்டு. எதிர்வீட்டு சாந்தியும் இதற்கு ஒரு ஜெராக்ஸ் கேட்டிருக்கிறாள். அவள் மகளும் முழுகாமல் இருக்கிறாள், அவளுக்கும் இதைத்தான் சொல்ல வேண்டும், ஆனால் வாய் வரவில்லையாம். எனக்கு மட்டும் வந்ததா என்ன? மகளைச் சீராட்டி மடியில் போட்டுக்கொள்ள எனக்கு ஆசை இல்லையா? உன் கல்யாணத்தன்றைக்கே நடு அறையில் உன் கட்டிலை எந்தப் பக்கம் போடுவதென்று யோசித்தவள் நான். அந்த ஆசையை எல்லாம் விழுங்கிக்கொண்டு ஏன் வேண்டாம் என்றேன் என்றால், நீ என் வயிற்றில் இருந்த வருஷத்திலிருந்து தொடங்கிச் சொல்ல வேண்டும். பொறுமையாகக் கேள்.

அது 2004. கடலூர் முதுநகரைத் தாண்டி, தொழிற்பேட்டை மதிலுக்கு இந்தப் பக்கம், இதே வீட்டுக்கு நான் கல்யாணமாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. உன் அப்பாவுக்கு அங்கே ஒரு கம்பெனியில் பாய்லர் வேலை. நாற்றம் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நீ பார்த்ததெல்லாம் குறைச்சல்தான். அந்தக் காலத்தில் ஒரு நாள் அழுகின முட்டை, ஒரு நாள் நெயில் பாலிஷ், ஒரு நாள் பழுத்து வெடித்த பலாப்பழம் மாதிரி ஒரு தித்திப்பு நாற்றம். தித்திப்பு நாள்தான் மோசம், தலை கிண்ணென்று வலிக்கும். புதுப்பெண்ணாக நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சமைப்பேன். உன் அப்பா சிரிப்பார். "நாத்தமா? அது சம்பள வாசனைடி, நல்லா இழு" என்பார். ஆளைப் பார், நக்கலுக்கு மட்டும் குறைவில்லை.

நாள் தள்ளிப் போய் இரண்டு மாதம் இருக்கும்போதுதான் ஸ்டெல்லா வந்தாள். நீ 'ஐஸ்பொட்டி அக்கா' என்று கூப்பிடுவாயே, அவள்தான். சிதம்பரத்தில் இருந்த ஒரு ஆராய்ச்சிக் குழுவில் வேலை. எலும்பும் தோலுமாக இருப்பாள், கழுத்தில் ஒரு சின்னச் சிலுவை, கையில் குடை. தெருவில் முழுகாமல் இருந்த எல்லாப் பெண்களையும் மாரியம்மன் கோவில் நிழலில் உட்கார வைத்துச் சொன்னாள்: "அம்மா இழுக்குற மூச்சு, குடிக்கிற தண்ணி, சாப்புடுற சோறு, எல்லாத்துல இருந்தும் கொஞ்சம் கொஞ்சம் வயித்துல இருக்குற புள்ளைக்கும் போவுதுக்கா. இன்னா போவுது, எவ்ளோ போவுதுன்னு அளக்கணும். அப்புறம் புள்ள எப்படி வளருதுன்னு வருஷா வருஷம் பாக்கணும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சாதான் எது புள்ளைக்கு ஆவாதுன்னு சொல்ல முடியும்." கம்பெனியே இல்லாத பக்கத்துப் பெண்களையும் இதே மாதிரி அளக்கிறார்களாம், ஒப்பிட்டுப் பார்க்க. அது எந்த ஊர் என்று கேட்டேன். கீரப்பாளையம் பக்கம் என்றாள். "எங்க ஊராச்சே!" என்று எனக்கு வாயெல்லாம் பல். அந்தச் சந்தோஷத்தில்தான் முதல் ஆளாகச் சரி என்றேன்.

அளக்கிறதற்கு அவர்கள் கொடுத்த பொட்டியைப் பற்றிச் சொன்னால் நீ சிரிப்பாய். டிபன் பாக்ஸ் அளவு இருக்கும், தோளில் மாட்ட ஒரு வார், மேலே ஒரு சின்னக் குழாய், உள்ளே ர்ர்ரென்று ஒரு சத்தம். அது காற்றை இழுத்து இழுத்து உள்ளே ஒரு துணியில் பிடித்து வைக்குமாம். இரண்டு நாள் போகிற இடமெல்லாம் அதைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். நம் வீட்டில் டிவி ரிமோட்டுக்கே கவர் போட்டு ரப்பர் பேண்டு மாட்டி வைக்கிற ஆட்கள் நாம். இவ்வளவு விலை உயர்ந்த பொருளைத் தூசியில் விடுவோமா? குழாயோடு சேர்த்து நல்ல கெட்டிப் பாலிதீன் கவரில் போட்டுக் கட்டி, பத்திரமாகத் தூக்கிக்கொண்டு திரிந்தேன். ஸ்டெல்லா வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "யக்கா, இது மூச்சு விட வேணாமா?"

நானாவது பரவாயில்லை. சாந்தி அதை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். குழுவின் பெரிய டாக்டரம்மா ஒரு நாள் ஜீப்பில் பதறிக்கொண்டு வந்து இறங்கினார்கள், தெருவிலேயே சாந்தி வீட்டில்தான் ஏதோ ஒரு ரசாயனம் தாறுமாறாக ஏறியிருக்கிறது என்று. வீடு முழுக்க மோந்து பார்த்தார்கள், அடுப்பைப் பார்த்தார்கள், கிணற்றைப் பார்த்தார்கள். கடைசியில் "பொட்டிய எங்கம்மா வெச்சிருந்தீங்க?" என்று கேட்டு பீரோவைத் திறந்தால், பட்டுப் புடவைகளுக்கு நடுவில் அந்துருண்டை! டாக்டரம்மாவுக்கே சிரிப்பு தாங்கவில்லை. சாந்தியை நான் இன்றைக்கு வரைக்கும் அந்துருண்டை என்றுதான் கூப்பிடுகிறேன், அவளும் திரும்பிப் பார்க்கிறாள்.

ஆவணி பிறந்ததும் வளைகாப்பு. என் அம்மா அப்போதே இல்லை, அண்ணன் வீடுதான் எனக்குத் தாய்வீடு. உன் மாமா வேனும் பிடித்துக்கொண்டு, தட்டு தட்டாகச் சாதமும் வளையலும் பூவுமாக வந்து இறங்கினார். வாசலில் கால் வைத்ததுமே அன்றைக்குப் பார்த்து அழுகின முட்டை. மாமாவுக்கு முகமே மாறிவிட்டது. "இன்னா மச்சான், இந்த நாத்தத்துலயா எங்க பொண்ண வெச்சிருந்தீங்க? காத்துன்னா எங்க ஊரு காத்துதான்" என்று உன் அப்பாவை எல்லார் எதிரிலும் வாங்கு வாங்கென்று வாங்கினார். வேனில் ஏறி சிதம்பரம் தாண்டியதும் ஜன்னல் வழியாக வந்த காற்றை நான் எப்படி இழுத்தேன் என்கிறாய்! வயலும் தண்ணீரும் நாற்றங்கால் பச்சையுமாக, நெஞ்சு முழுக்க ஒரு குளிர்ச்சி. உன்னைத் தடவிக்கொண்டு, "இனிமே பயம் இல்லடி" என்று சொன்னது இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

மாமா வீட்டில் எனக்குக் கொடுத்தது நல்ல குளிர்ச்சியான அறை. பின்கட்டில், கிணற்றைப் பார்த்த ஜன்னல். நெல் மூட்டை, உரம், வயலுக்கு அடிக்கிற பூச்சி மருந்து டப்பாக்கள், முதுகில் மாட்டுகிற தெளிப்பான் எல்லாம் ஒரு மூலையில் இருக்கும். மழைக்கும் திருட்டுக்கும் பயந்து எல்லா வீட்டிலும் அப்படித்தான் வைப்பார்கள். அந்த அறையில் லேசாக ஒரு நெடி இருக்கும். நம் தெருவிலிருந்து போன மூக்குக்கு அதெல்லாம் ஒரு நெடியா? அது சம்பாப் பருவம். நடவு முடிந்து பயிர் பிடிக்க ஆரம்பித்ததும் பூச்சி, பூச்சி வந்ததும் மருந்து. மாமா தெளித்துவிட்டு நனைந்த லுங்கியோடு நேராக என்னிடம் வந்து உட்கார்ந்து, "சாப்டியாம்மா, வாய்க்கு இன்னா வேணும்?" என்று கேட்பார். அவர் பாசம் அப்படி. நானும் சும்மா உட்கார்ந்து சாப்பிடக் கூச்சப்பட்டுக்கொண்டு அவர் சட்டைகளை எல்லாம் என் துணியோடு சேர்த்து நானே துவைத்துப் போட்டேன். எங்களில் ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

இதற்குள் கடலூரில் ஸ்டெல்லா வந்து நம் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறாள். உன் அப்பா "அவுங்க அண்ணன் வூட்டுக்குப் போயிட்டா" என்றாராம். சாந்தி வீட்டில் பூட்டு. அடுத்த வீட்டில் "பொண்ணு அவ அம்மா வூட்ல". தெருவில் முதல் பிரசவத்துக்காரி ஒருத்திகூட இல்லை! கம்பெனிப் பக்கத்துப் பெண்கள் என்று எங்களைக் குறித்து வைத்தால், நாங்கள் பாதிப் பேர் ஏழாம் மாதத்தோடு வயற்காட்டுப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டோம். ஸ்டெல்லா வெயிலில் பஸ் மாறி மாறி கீரப்பாளையம் வந்து என்னைக் கண்டுபிடித்தபோது அழாத குறை. "யக்கா, இப்ப ஒங்கள நான் எந்தப் பக்கம்னு சொல்றது?" என்றாள். டாக்டரம்மாவிடம் போனில் சொன்னாள். "எங்க அம்மாவும் என்னை அப்படித்தான்டி பெத்தாங்க. ஆராய்ச்சித் திட்டம் எழுதும்போது யாருக்குமே தோணலயே" என்றார்களாம். படித்தவர்கள், நம் ஊர்க்காரர்கள்தான், தாய்வீட்டுக்குப் போவது மூச்சு விடுவதுபோல ஆகிவிட்டதால் யாருக்கும் கண்ணில் படவில்லை. அதற்கப்புறம் யார் எங்கே எத்தனை மாதம் இருந்தார்கள் என்று தனியாகக் கேட்டுக் குறித்தார்கள்.

ஐப்பசி மழையில் நீ பிறந்தாய். ஊர் ஆஸ்பத்திரியில்தான். ஸ்டெல்லா முந்தின நாளே ஐஸ் பொட்டியோடு வந்து அண்ணியோடு உட்கார்ந்திருந்தாள். உன்னை எனக்குக் காட்டுவதற்கு முன்னாலேயே தொப்புள்கொடியிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்துப் பொட்டியில் வைத்து, மழையில் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினாள். கண்டக்டர் "இன்னாம்மா, மீனா? பின்னாடி வெய்யி" என்றாராம். "மீன் இல்ல சார், தொப்புள்கொடி ரத்தம்" என்று இவள் உள்ளதைச் சொல்ல, சிதம்பரம் வரை மூன்று பேர் சீட்டில் அவள் மட்டும்தான். இதை அவள் சொல்லும்போதெல்லாம் நீ கெக்கெக்கே என்று சிரிப்பாய். "என் ரத்தம் தனி சீட்ல போச்சு" என்று பள்ளிக்கூடத்தில் பெருமை வேறு. சுனாமி வந்ததால் தை மாதம் வரை என்னை மாமா அனுப்பவில்லை. நீ ரொம்பச் சின்னதாக இருந்தாய் தேனு. உன் அப்பா உன்னைத் தூக்கவே பயப்பட்டார்.

சொல்லாமல் விட்டதை இப்போது சொல்கிறேன். நீ ஒன்றரை வயசு வரை நடக்கவில்லை. மூன்று வயசு வரை உனக்குப் பேச்சு வரவில்லை. கையைக் காட்டுவாய், இழுப்பாய், புரியவில்லை என்றால் தரையில் தலையை முட்டிக்கொள்வாய். வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாம் "இன்னும் பேசலியா?" என்று கேட்பார்கள். உன் அப்பா "என் புள்ள யோசிச்சுதான் பேசும், ஒங்கள மாதிரி இல்ல" என்று அவர்கள் வாயை அடைப்பார். அப்புறம் கொல்லையில் போய் நின்றுகொள்வார். நான் எத்தனை கோவிலுக்கு நேர்ந்துகொண்டேன் என்று எனக்கே கணக்கில்லை.

வருஷத்துக்கு ஒரு தடவை உங்களை எல்லாம் சிதம்பரத்துக்குக் கூட்டிக்கொண்டு போவோம். உனக்கு அது திருவிழா. வேனில் பாட்டு, கோவில் குளத்தில் மீனுக்குப் பொரி, மத்தியானம் இட்லியும் கொத்சும், நீ கொத்சைத் தனியாக வாங்கி நக்குவாய். அங்கே உங்களைத் தனித்தனியாக ஒரு அறைக்குள் கூட்டிப்போய் கட்டை அடுக்கச் சொல்வார்கள், மணி கோக்கச் சொல்வார்கள், படத்தைக் காட்டிக் கேட்பார்கள். ஜன்னல் வழியாக நாங்கள் பார்த்துக்கொண்டு நிற்போம். நின்றால் சும்மா இருப்போமா? யார் பிள்ளை எத்தனை கட்டை அடுக்கினான் என்று ஆரம்பித்துவிட்டோம். அடுத்த வருஷம் சாந்தி ஆசாரியிடம் சொல்லி அதே மாதிரி சிவப்பும் மஞ்சளுமாகக் கட்டை செய்து வாங்கிவிட்டாள். அவ்வளவுதான். சாயந்திரமானால் அவள் வீட்டில் டியூஷன்! தெருப் பிள்ளைகள் எல்லாம் வரிசையாக உட்கார்ந்து கட்டை அடுக்கின. நான்தான் டீச்சர். உன்னைக் கொஞ்சம் ஜாஸ்தியாகவே பாடாய்ப் படுத்தினேன். நீ மட்டும் பின்தங்கிவிடக் கூடாது என்று எனக்கு வெறி.

உனக்கு ஐந்து வயது, அந்த வருஷம் டாக்டரம்மாவே உட்கார்ந்து உனக்குப் பரீட்சை வைத்தார்கள். அவர்கள் ஒரு கட்டையைக் கையில் எடுத்ததும் நீ, "அத்தை, தப்பு தப்பு. அடுத்தது செவப்புக் கட்டை. மறந்துட்டீங்களா?" என்றாய். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. வெளியே வந்து எங்களைக் கூப்பிட்டார்கள். "கம்பெனிக்குப் பக்கத்துல இருக்கிற புள்ளைங்க எல்லாம் மேதையா இருக்கேன்னு ரெண்டு வருஷமா நாங்க மண்டைய ஒடச்சிக்கிறோம். தெருவே சேந்து எங்க அளவுகோல ஒடச்சிட்டீங்களேம்மா. புள்ளைங்களுக்கு எது வரலன்னு தெரிஞ்சாதானே அதுக்கு எது காரணம்னு தேட முடியும்?"

எனக்கு வந்ததே கோபம். "எங்க புள்ள தோத்துப் போறத நாங்களே பஸ் ஏத்திக் கூட்டியாந்து ஒங்களுக்குக் காட்டணுமா?" என்று கேட்டுவிட்டேன். டாக்டரம்மா என்னையே பார்த்தார்கள். "ஆமாம்மா. அதத்தான் கேக்குறோம். கஷ்டம்தான்" என்றார்கள். என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை, அந்த நடையிலேயே உட்கார்ந்து அழுதேன். வீட்டுக்கு வந்து கட்டைகளை எல்லாம் பரண் மேல் போட்டோம்.

கடைசிப் பரீட்சை உனக்கு ஏழு வயதில். தானே புயல் அடித்ததால் தள்ளிப்போய் மறு வருஷக் கோடையில் வைத்தார்கள். அந்தத் தடவை நான் ஒன்றும் சொல்லித் தரவில்லை. நீ திணறினாய். ஒரு படத்தைப் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தாய், எனக்கு விடை தெரியும், ஜன்னலுக்கு இந்தப் பக்கம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அந்த வருஷக் கடைசியில் எல்லாரையும் கூப்பிட்டு என்ன கண்டார்கள் என்று சொன்னார்கள். அன்றைக்கு மாமாவும் நம்மோடு வந்திருந்தார், உன்னைக் கோவிலுக்குக் கூட்டிப் போக. கம்பெனிக் காற்றில் இருக்கிற ரசாயனம் நம் தெருப் பெண்கள் எல்லார் உடம்பிலும் இருந்ததாம். வயலுக்கு அடிக்கிற மருந்து கீரப்பாளையம் பக்கத்தில் ஜாஸ்தி. ஒப்பிட்டுப் பார்க்கச் சுத்தமான ஊர் என்று எடுத்த ஊரே சுத்தமாக இல்லை. இங்கேயும் இருந்து, கடைசி மூன்று மாதம் அங்கேயும் போன எங்களுக்கு இரண்டும். அப்புறம் ஒவ்வொருத்தராகத் தனியே கூப்பிட்டார்கள். நானும் மாமாவும் உள்ளே போனோம். "ஒங்க தொப்புள்கொடி ரத்தத்துல கம்பெனி சரக்கு கம்மிதாம்மா. மருந்துதான் ஜாஸ்தி" என்றார்கள்.

"என் புள்ள லேட்டா பேசுனது அதனாலதானா?" என்று கேட்டேன். "தெரியலம்மா" என்றார்கள். "நெறைய புள்ளைங்கள சேத்துப் பாத்தா, மருந்து ஜாஸ்தி போன புள்ளைங்களுக்குக் கொஞ்சம் மெதுவாத்தான் வருது. ஆனா ஒங்க ஒரு புள்ளைய மட்டும் காட்டி இதனாலதான்னு என்னால சொல்ல முடியாது. சொன்னா பொய்." வேறு யாராவது இருந்தால் ஏதாவது சொல்லி அனுப்பியிருப்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அந்தத் 'தெரியல' என்கிற வார்த்தையோடுதான் நான் இத்தனை வருஷம் இருக்கிறேன்.

மாமா வெளியே வந்து படியில் உட்கார்ந்தார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, "காத்து நல்லாருக்குன்னு நாந்தானே கூட்டியாந்தேன், நாந்தானே கூட்டியாந்தேன்" என்று தேம்பித் தேம்பி அழுதார். அவ்வளவு பெரிய மனுஷன் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. அம்மா செத்தபோதுகூட அப்படி அழவில்லை. நீ பொரிப் பொட்டலத்தோடு ஓடி வந்து அவர் துண்டை விலக்கிப் பார்த்தாய். "மாமா, ஒனக்கும் டெஸ்ட் வெச்சாங்களா? தப்பா சொல்லிட்டியா?" என்று கேட்டாய். மாமா உன்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, "ஆமாண்டா கண்ணு, தப்பா சொல்லிட்டேன்" என்றார். நீ உன் பொரியில் பாதியை அவருக்குக் கொடுத்தாய்.

மறுநாளே அந்த மருந்து டப்பாக்களை எல்லாம் எடுத்து வயல் ஓரத்தில் தகரக் கொட்டகை போட்டுப் பூட்டினார். தெளித்துவிட்டு வந்தால் கிணற்றடியில் குளிக்காமல் வீட்டுக்குள் கால் வைப்பதில்லை, துணியை அவரே அலசிக்கொள்கிறார். ஒவ்வொரு கோடை லீவுக்கும் நீ போய்ப் படுத்து உருண்ட அறை அதுதான், சுண்ணாம்பு அடித்துக் கொடுத்தாரே, அது ஏன் என்று உனக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. உனக்கு மாமா என்றால் உயிர், அதில் ஒரு துளி விஷம் நான் கலக்க வேண்டாம் என்று இருந்துவிட்டேன். இப்போது அவரே போன் பண்ணி, "சொல்லிடும்மா. அவ ஒன்ன தப்பா நெனச்சிக்கிட்டு இருக்கறதுக்கு என்னைய நெனச்சிட்டுப் போவட்டும்" என்றார். நீ அவரை ஒன்றும் நினைக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். அவரிடம் ஒரு வார்த்தை பேசிவிடு.

நீ கேட்பாய், "நான் நல்லாத்தானே இருக்கேன்?" என்று. நல்லாத்தான் இருக்கிறாய், ராஜாத்தி. பேச ஆரம்பித்தாய், அப்புறம் நிறுத்தவே இல்லை. டிகிரி முடித்தாய். போனில் என்னை என்ன பேச்சுப் பேசினாய்! அந்தக் கோபத்திலும் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது, இந்தப் பெண்ணா மூன்று வயசு வரை பேசவில்லை என்று. ஆனால் அந்த மூன்று வருஷம் நான் பட்டதை நீ படக் கூடாது. காரணம் இதுதானா என்று தெரியாமல் படுவது அதைவிடக் கஷ்டம். நீ இருக்கிற திருச்சிக் காற்று மட்டும் என்ன வாழ்கிறது என்றும் கேட்பாய். அது எனக்குத் தெரியாது. இங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும், தெரிந்த இடத்துக்கு உன்னைக் கூப்பிட என்னால் முடியாது. இப்போது நாற்றம் குறைந்துவிட்டது என்கிறார் உன் அப்பா. அவர் மூக்கையும் நம்பவில்லை, என் மூக்கையும் நம்பவில்லை. நாற்றம் பெரிதாகத் தெரியாத அறையில்தானே நான் ஏமாந்தேன்.

சம்பந்தி அம்மா, இது உங்களுக்கு. தலைப்பிரசவத்தைப் பெண் வீட்டில்தான் பார்க்க வேண்டும், நான் தட்டிக் கழிக்கவில்லை. நீங்கள் சம்மதித்தால் வளைகாப்பை அங்கேயே வைத்துக்கொள்வோம், அண்ணன் சீரோடு வருவார். அப்புறம் குழந்தைக்கு மூன்று மாதம் ஆகும் வரை உங்கள் வீட்டில் ஒரு மூலையில் நான் இருந்துகொள்கிறேன். சமையல் என் பொறுப்பு. இதை உன் அப்பாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன் தேனு, அவர் சட்டென்று, "இதுக்கு இன்னாடி யோசன? அம்மா எங்க இருக்காளோ அதான் புள்ளைக்கு அம்மா வூடு. எனக்குச் சோறு வடிக்கத் தெரியும், போ" என்றார். தெரியாது, குழைத்துவிடுவார். இருக்கட்டும்.

மாப்பிள்ளையிடம் சொல்லி, சமையலறையில் இருக்கிற கரப்பான் மருந்தையும் படுக்கிற அறையில் இருக்கிற கொசு மருந்தையும் எடுத்துவிடச் சொல். கொசுவலை நான் தைத்துவிட்டேன். பீரோவில் அந்துருண்டை போட்டிருந்தால் அதையும் எடுத்துவிடு, சாந்தி கெட்ட கேட்டை மறக்காதே. ஆவணி முதல் வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸுக்குக் கிளம்புகிறேன். மூட்டை தூக்க மாமாவும் வருகிறேன் என்கிறார். திருச்சியில் இறங்கியதும் உனக்குப் போன் பண்ணுவேன். இந்தத் தடவை எடுத்துவிடு, கண்ணு.

உன் அம்மா